மாறியில் இருப்பதைச் செல்லில் எழுதுவது: கூகல் ஷீட்ஸ் ஸ்கிரிப்ட்டுக்கு முழுமையான வழிகாட்டி

தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் ஆர்டர் எடுக்கும் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் பலகாரக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆர்டர்கள் கூகல் ஷீட்ஸ் தாளில் ஏறுகின்றன. கையால் தட்டிக்கொண்டிருந்த வேலையை ஸ்கிரிப்ட்டிடம் ஒப்படைத்த அன்றே, 048616 என்ற அஞ்சல் குறியீடு 48616 ஆகிவிடுகிறது. 08-12 என்ற யூனிட் எண் (மாடியும் வீட்டு எண்ணும்) டிசம்பர் 8 என்ற தேதியாகிவிடுகிறது. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. ஸ்கிரிப்ட் சொன்னதைச் சரியாகவே எழுதியது. செல்தான் அதைத் தன் போக்கில் படித்துக்கொண்டது.

ஸ்கிரிப்ட்டில் ஒரு மதிப்பைப் பெயரிட்டு வைத்திருக்கும் இடம்தான் மாறி. ஒரு மாறியின் மதிப்பைச் செல்லில் எழுத ஒரே வரி போதும். அந்த மதிப்பு எண்ணா, எழுத்தா, தேதியா என்பதை எழுதும் முன்பே நாம் தீர்மானிக்காவிட்டால் செல் தீர்மானித்துவிடும். கீழே வரும் படிகளில் பாதி இதைத் தடுப்பதற்காகத்தான்.

எடுத்துக்காட்டுத் தாளின் பெயர் "ஆர்டர்கள்". முதல் வரிசை தலைப்பு. ஏ நெடுவரிசையில் ஆர்டர் எண், பி-இல் பெயர், சி-இல் கைத்தொலைபேசி, டி-இல் யூனிட் எண், இ-இல் அஞ்சல் குறியீடு, எஃப்-இல் டப்பா எண்ணிக்கை, ஜி-இல் ஒரு டப்பாவின் விலை, எச்-இல் ஜிஎஸ்டி விகிதம், ஐ-இல் ஜிஎஸ்டி தொகை, ஜே-இல் மொத்தம், கே-இல் விநியோக நாள். எல் நெடுவரிசையில் "கொடுத்தாயிற்றா" என்று குறிக்க ஒரு செக்பாக்ஸ்.

கட்டளைப் பெயர்களையும் நெடுவரிசை எழுத்துகளையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். எடிட்டரில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும், பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடும் முக்கியம். கெட்ரேஞ்ச், செட்வேல்யூ போன்றவற்றில் முதல் சொல் சிறிய எழுத்தில் தொடங்கும், ஒட்டிவரும் ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும். புள்ளி வைத்ததும் எடிட்டர் ஒரு பட்டியலை நீட்டும். அதிலிருந்து தேர்ந்தெடுத்தால் எழுத்துப்பிழையே வராது. மாறிகளின் பெயர்களை உண்மையாகவே தமிழில் வைக்கலாம்: இந்த ஸ்கிரிப்ட்டின் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் யூனிகோட் எழுத்துகளை ஏற்கும் என்பதால் "டப்பா", "மொத்தம்" என்று பெயர் வைத்தாலும் ஸ்கிரிப்ட் ஓடும்.

முதலில் இரண்டு அமைப்புகள்

ஸ்கிரிப்ட் எழுதும் முன் தாளின் ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் திறந்து, லொக்கேல் (எந்த நாட்டு வழக்கப்படி படிப்பது என்ற அமைப்பு) சிங்கப்பூர் என்றும் நேர மண்டலம் சிங்கப்பூர் என்றும் இருக்கிறதா பாருங்கள். லொக்கேல் அமெரிக்கா என்று இருந்தால் 08-12 ஆகஸ்ட் 12 ஆகப் படிக்கப்படும். சிங்கப்பூர் என்றால் டிசம்பர் 8. ஒரே எழுத்துக்கு இரண்டு தேதிகள்.

அடுத்து எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட். புதிய தாவலில் எடிட்டர் திறக்கும். இடப்பக்கம் பல்சக்கரப் படத்தை அழுத்தினால் புரோஜெக்ட் செட்டிங்ஸ். அங்கேயும் ஒரு நேர மண்டலம் உண்டு, அது தாளின் மண்டலத்திலிருந்து தனி. இரண்டையும் சிங்கப்பூருக்கு வையுங்கள். இதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பது தேதிப் பகுதியில் வருகிறது.

முதல்முறை ஓடவிடும்போது கூகல் அனுமதி கேட்கும். "இந்தச் செயலியைக் கூகல் சரிபார்க்கவில்லை" என்ற எச்சரிக்கை வந்தால் அட்வான்ஸ்ட் என்பதை அழுத்தித் தொடரலாம். நீங்களே எழுதிய ஸ்கிரிப்ட்டுக்கு மட்டும் அப்படிச் செய்யுங்கள். வேறொருவர் அனுப்பிய தாள் இதே எச்சரிக்கையைக் காட்டினால், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்காமல் அனுமதி கொடுக்காதீர்கள்.

ஒரு செல், ஒரு மதிப்பு

கான்ஸ்ட் கோப்பு = ஸ்ப்ரெட்ஷீட்ஆப்.கெட்ஆக்டிவ்ஸ்ப்ரெட்ஷீட்();
கான்ஸ்ட் தாள் = கோப்பு.கெட்ஷீட்பைநேம்("ஆர்டர்கள்");
கான்ஸ்ட் டப்பா = 3;
தாள்.கெட்ரேஞ்ச்(2, 6).செட்வேல்யூ(டப்பா);

இந்த நான்கு வரிகள் எஃப்2 செல்லில் 3 என்று எழுதும். அடைப்புக்குறிக்குள் முதலில் வரிசை, பிறகு நெடுவரிசை. இரண்டும் 1-இலிருந்து எண்ணப்படும். "எஃப்2" என்று சொல்லும்போது நெடுவரிசை முன்னால் வருகிறது, எண்களில் எழுதும்போது பின்னால் போகிறது. கை இங்கேதான் தடுமாறும். கெட்ரேஞ்ச்(6, 2) என்று மாற்றி எழுதினால், ஆறாவது வரிசையில் இருக்கும் வாடிக்கையாளரின் பெயர் அழிந்து அங்கே 3 உட்கார்ந்திருக்கும்.

தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் பிழை மேற்கோள்குறி. செட்வேல்யூ("டப்பா") என்றால் செல்லில் 3 வராது, டப்பா என்ற சொல்லே வரும். மாறிக்கு மேற்கோள்குறி கிடையாது.

செல்லின் பெயரையே மேற்கோள்குறிக்குள் கொடுத்து, வரிசை எண்ணை மட்டும் மாறியிலிருந்து ஒட்டலாம்: கெட்ரேஞ்ச்("எஃப்" + வரிசை). அடுத்த வரிசை வேண்டும் என்று "எஃப்" + வரிசை + 1 என்று எழுதிவிடாதீர்கள். வரிசை 2 என்றால் கிடைப்பது எஃப்3 இல்லை, எஃப்21. இடப்பக்கம் எழுத்து இருப்பதால் கூட்டல் குறி எல்லாவற்றையும் எழுத்தாகவே ஒட்டிக்கொண்டு போகும். "எஃப்" + (வரிசை + 1) என்று உள்அடைப்பு போட்டால் சரியாகும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் எண் முறையிலேயே நில்லுங்கள். எங்கள் பரிந்துரையும் அதுதான்.

தாளின் பெயர் பொருந்தாவிட்டால் கெட்ஷீட்பைநேம் பிழை காட்டாது. நல் என்ற வெற்று மதிப்பைத் திருப்பித் தரும். அடுத்த வரியில்தான் "நல்லின் பண்புகளைப் படிக்க முடியவில்லை" என்ற பொருளில் சிவப்பு எழுத்து வரும். கெட்ரேஞ்ச்சில் தவறு என்று அந்த வரியையே துழாவிக்கொண்டிருப்பார்கள், காரணம் ஒரு வரி மேலே இருக்கும். தாவலின் பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டியிருந்தாலும் போதும், இப்படி ஆகும்.

பெயரைச் சொல்லாமல் கெட்ஆக்டிவ்ஷீட் பயன்படுத்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் எந்தத் தாவல் திறந்திருக்கிறதோ அதில் எழுதிவிடும். விலைப்பட்டியல் தாவலைப் பார்த்துக்கொண்டே ஓடவிட்டால் விலைப்பட்டியலின் மேல் ஆர்டர் ஏறும்.

செல் எப்படிப் படிக்கிறது

சிங்கப்பூரில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு 1995 செப்டம்பரில் வந்தது. பெரும்பாலும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு குறியீடு, ஆகவே குறியீடும் யூனிட் எண்ணும் இருந்தாலே வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். அதே காரணத்தால், ஓர் இலக்கம் போனாலும் பலகாரம் வீடு போய்ச் சேராது. லிட்டில் இந்தியாவின் குறியீடுகள் 2-இல் தொடங்குகின்றன. தேக்கா சந்தைக்கு 210665. பக்கத்து வீட்டு முகவரிகளை வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். ராஃபிள்ஸ் பிளேஸ் அலுவலகம் ஒன்றிலிருந்தோ ஹார்பர்ஃபிரண்ட் பக்கமிருந்தோ ஆர்டர் வரும்போதுதான் முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போகும்.

மாறியில் "048616" என்று மேற்கோள்குறிக்குள் எழுத்தாகவே வைத்திருந்தாலும் இது நடக்கும். செட்வேல்யூ எழுதும்போது, நாம் கையால் தட்டினால் ஷீட்ஸ் எப்படிப் புரிந்துகொள்ளுமோ அப்படியே புரிந்துகொள்கிறது. தடுக்க, அந்த நெடுவரிசைகளை எழுதும் முன்பே வெறும் எழுத்து வடிவத்துக்கு மாற்ற வேண்டும்:

தாள்.கெட்ரேஞ்ச்("சி:இ").செட்நம்பர்ஃபார்மேட்("@");

இந்த ஒரு வரி சி, டி, இ மூன்றையும் மேலிருந்து கீழ்வரை மாற்றும். தாளை அமைக்கும்போது ஒருமுறை ஓடவிட்டால் போதும். மெனுவில் ஃபார்மேட், நம்பர், பிளெய்ன் டெக்ஸ்ட் என்று போய்ச் செய்தாலும் இதே பலன்தான். எழுதிய பிறகு வடிவத்தை மாற்றிப் பயனில்லை. 48616 எண்ணாகச் சேமிக்கப்பட்டுவிட்டது, பூஜ்யம் திரும்பி வராது.

ஒன்றிரண்டு செல்களுக்கு மட்டும் என்றால், மதிப்பின் முன்னால் ஒற்றை மேற்கோள்குறி சேர்த்து எழுதலாம். அது செல்லில் தெரியாது, ஆனால் பின்னால் வருவதை எழுத்தாக வைத்திருக்கும். யூனிட் எண்ணை #08-12 என்று வழக்கப்படி # குறியோடு எழுதினால் தேதியாக மாறாது. ஆனால் வாடிக்கையாளர் # போட்டுத்தான் அனுப்புவார் என்று நம்பியிருக்க முடியாது. +65 சேர்த்த தொலைபேசி எண்ணையும் எழுத்தாகவே வையுங்கள், இல்லையென்றால் முன்னால் உள்ள கூட்டல் குறி போய்விடும்.

சமக்குறியில் தொடங்கும் எழுத்து சூத்திரமாகிவிடும். நாமே சூத்திரம் எழுத விரும்பும்போது இது வசதி. ஆனால் படிவத்தில் யாரோ நிரப்பி அனுப்பிய பெயரையோ குறிப்பையோ எழுதும்போது இது பாதுகாப்புக் கேள்வி: வெளியார் அனுப்பிய சூத்திரம் உங்கள் தாளுக்குள் ஓடும். வெளியிலிருந்து வரும் எழுத்து சமக்குறியில் தொடங்குகிறதா என்று பார்த்து, தொடங்கினால் முன்னால் ஒற்றை மேற்கோள்குறி சேருங்கள்.

அடையாள அட்டை எண்ணுக்கு ஒரு நெடுவரிசை வைக்கலாமா என்று சிலர் நினைப்பதுண்டு. 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்காத இடத்தில், அல்லது ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டிய கட்டாயம் இல்லாத இடத்தில், நிறுவனங்கள் அதைச் சேகரிக்கக் கூடாது. பலகார ஆர்டருக்கு அது வேண்டியதே இல்லை.

பணம்

படிவத்திலிருந்தோ வேறு தாளிலிருந்தோ வரும் எண், எண் போலத் தெரிந்தாலும் எழுத்தாக இருக்கலாம். அப்போது "10" + "5" என்பது 105. கணக்குப் போடும் முன் நம்பர்(...) என்ற ஃபங்ஷனுக்குள் அனுப்பி எண்ணாக மாற்றுங்கள். "3 டப்பா" என்று யாராவது எழுதியிருந்தால் நம்பர் அதை எண்ணாக மாற்ற முடியாமல் "எண் அல்ல" என்ற மதிப்பைத் தரும். நம்பர்.இஸ்நேன் கொண்டு சோதித்து, அந்த ஆர்டரை எழுதாமல் தனியே நிறுத்திவையுங்கள்.

வெள்ளிக் குறியை மதிப்போடு ஒட்டாதீர்கள். செல்லுக்கு 37.5 என்ற எண்ணை எழுதி, தோற்றத்தை செட்நம்பர்ஃபார்மேட்("$#,##0.00") பார்த்துக்கொள்ளட்டும்.

வெள்ளியில் பெருக்கினால் பின்னக் கணக்கில் கணினி வழுக்கும். 1.005-ஐ 100-ஆல் பெருக்கினால் 100.5 வராது, அதைவிடக் கொஞ்சம் குறைந்த 100.49999999999999 வரும். முழு எண்ணாக்கினால் ஒரு காசு குறையும். காசில் கணக்கிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. டப்பா 12.50 வெள்ளி, மூன்று டப்பா என்றால் 1250 × 3 = 3750 காசு. 9 விழுக்காடு ஜிஎஸ்டி: 3750 × 9 ÷ 100 = 337.5. மேத்.ரவுண்ட் அதை 338 ஆக்கும். கடைசியில் 100-ஆல் வகுத்து 3.38 என்று எழுதுங்கள். மொத்தம் 40.88.

ஐ நெடுவரிசையில் மதிப்பை எழுதுவதா, சூத்திரத்தை எழுதுவதா? பலர் "விகிதம்" என்று ஒரு செல் வைத்து, எல்லா வரிசைகளும் அதைப் பார்த்துக் கணக்கிடும்படி சூத்திரம் எழுதுவார்கள். பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் சிங்கப்பூரில் ஜிஎஸ்டி 2023 ஜனவரி 1-இல் 7-இலிருந்து 8 ஆனது, 2024 ஜனவரி 1-இல் 9 ஆனது. அந்த ஒரு செல்லை 8-இலிருந்து 9 ஆக்கியதும் முந்தைய ஆண்டு விற்ற ஒவ்வொரு ஆர்டரின் தொகையும் மாறிவிடும். வாடிக்கையாளர் கையில் உள்ள ரசீது ஒன்று சொல்லும், தாள் வேறொன்று சொல்லும். அதனால்தான் எச் நெடுவரிசை: ஆர்டர் எடுத்த நாளின் விகிதத்தை மாறியிலிருந்து எண்ணாக அந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறோம், தொகைகளையும் எண்களாகவே எழுதுகிறோம். முடிந்த விற்பனைக்கு எண், இன்னும் மாறக்கூடிய கணிப்புக்குச் சூத்திரம். ஜிஎஸ்டி-க்குப் பதிவு செய்யாத கடை அதை வசூலிக்கக் கூடாது என்பதால், அப்படிப்பட்ட கடையின் தாளில் எச்-இல் 0 வர வேண்டும்.

தேதி

2025 தீபாவளி அக்டோபர் 20-இல் வந்தது. விநியோக நாளை நியூ டேட்("2025-10-20") என்று மாறியில் வைத்துச் செல்லில் எழுதினால் 20/10/2025 என்று அழகாகத் தெரியும். ஆனால் "அக்டோபர் 20-க்கு எத்தனை ஆர்டர்" என்று எண்ணும் சூத்திரம் 0 என்று சொல்லும்.

காரணம்: இந்த எழுத்து வடிவத்தை ஜாவாஸ்கிரிப்ட் கிரீனிச் நேர நள்ளிரவாக எடுத்துக்கொள்கிறது. சிங்கப்பூரில் அது காலை 8 மணி. ஷீட்ஸ் தேதியை நாள்களின் எண்ணிக்கையாகச் சேமிக்கிறது, காலை 8 மணி என்பது ஒரு நாளின் மூன்றில் ஒரு பங்கு. செல்லுக்குள் முழு எண்ணுக்குப் பின்னால் 0.333 ஒளிந்திருக்கிறது. வடிவம் அதைக் காட்டவில்லை, ஒப்பீடு மட்டும் தோற்கிறது.

நியூ டேட்(2025, 9, 20) என்று மூன்று எண்களாகக் கொடுத்தால் உள்ளூர் நள்ளிரவு கிடைக்கும். மாதம் மட்டும் 0-இலிருந்து எண்ணப்படுகிறது, ஆகவே அக்டோபருக்கு 9. "உள்ளூர்" என்பது ஸ்கிரிப்ட்டின் நேர மண்டலம். அது நியூயார்க்கில் இருந்தால், அங்கே அக்டோபர் 20 நள்ளிரவு என்பது இங்கே அன்று பகல் 12 மணி. முதலில் இரண்டு இடத்திலும் மண்டலத்தைச் சரிபார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

சங்கங்களின் உறுப்பினர் பட்டியலில் பிறந்த தேதிகளை ஏற்றுபவர்களுக்கு இன்னொன்று. 1981 முடியும்வரை சிங்கப்பூர் நேரம் கிரீனிச்சைவிட 7 மணி 30 நிமிடம் முன்னால் இருந்தது, 1982-இல்தான் 8 மணி ஆனது. ஆகவே 1950-இல் பிறந்தவரின் தேதியை மேற்சொன்ன எழுத்து வடிவில் கொடுத்தால் 8 மணிக்குப் பதில் 7:30 ஒட்டிக்கொள்ளும். எல்லாத் தேதியிலிருந்தும் 8 மணி நேரத்தைக் கழித்துவிடலாம் என்று குறுக்குவழி எடுத்தால், மூத்தவர்களின் பிறந்தநாள் ஒரு நாள் முன்னால் போய்விடும்.

முழு வரிசை, பல வரிசைகள்

ஓர் ஆர்டருக்கு 11 மதிப்புகள். 500 ஆர்டர்களைச் சுழற்சி போட்டுச் செல் செல்லாக எழுதினால் 5,500 முறை செட்வேல்யூ. ஒரு ஸ்கிரிப்ட் தொடர்ந்து ஓட 6 நிமிடம்தான் வரம்பு. எழுதுவதற்கு இடையிடையே படித்துக்கொண்டும் இருந்தால் வேகம் இன்னும் குறையும், ஏனென்றால் ஒவ்வொரு முறை படிக்கும் முன்பும் இன்னும் எழுதாமல் நிலுவையில் உள்ளவற்றை ஷீட்ஸ் எழுதி முடித்தாக வேண்டும். எல்லாவற்றையும் முதலில் ஓர் அணியில், அதாவது மதிப்புகளின் பட்டியலில், சேர்த்து, செட்வேல்யூஸ் கொண்டு ஒரே தடவையில் இறக்குங்கள்:

தாள்.கெட்ரேஞ்ச்(தொடக்கம், 1, தரவு.லெங்த், தரவு[0].லெங்த்).செட்வேல்யூஸ்(தரவு);

தொடக்கம் என்பது எழுதத் தொடங்கும் வரிசையின் எண். அடைப்புக்குறியில் மூன்றாவதும் நான்காவதும் எத்தனை வரிசை, எத்தனை நெடுவரிசை என்ற எண்ணிக்கை. எங்கே முடிகிறது என்பதல்ல. 2-ஆவது வரிசை முதல் 10-ஆவது வரை என்றால் மூன்றாவது எண் 9.

தரவு எப்போதும் அணிக்குள் அணியாக இருக்க வேண்டும், ஒரே ஒரு வரிசை என்றாலும்கூட. ஒரு வரிசைக்கு [[1001, "மீனா", 3]]. ஒரே நெடுவரிசையில் மேலிருந்து கீழாக என்றால் [[3], [5], [2]]. வெளி அடைப்பை மறந்தால் பிழை வரும். "தரவில் 3 வரிசை, எல்லையில் 2 வரிசை, பொருந்தவில்லை" என்ற பொருளில் வரும் செய்தி எண்ணையும் சேர்த்தே சொல்லும், அதை நிதானமாகப் படித்தால் தவறு எங்கே என்று தெரிந்துவிடும். ஒரு வரிசையில் 11 மதிப்பும் இன்னொன்றில் 10-ம் இருந்தாலும் ஏற்காது. இல்லாத மதிப்புக்கு "" என்று வெற்று எழுத்தை வைத்து நிரப்புங்கள். புதிய ஆர்டரே இல்லாத நாளில் தரவு காலியாக இருக்கும், அப்போது தரவு[0] என்ற இடத்திலேயே ஸ்கிரிப்ட் விழும். எழுதும் முன் தரவு.லெங்த் 0-வா என்று பார்த்து, ஆமென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பெரிய சேதம் வேறு இடத்தில் நடக்கும். தாள் முழுவதையும் கெட்வேல்யூஸால் படித்து, இரண்டு மதிப்பை மாற்றி, முழுவதையும் திரும்ப எழுதினால் தாளில் இருந்த சூத்திரங்கள் அத்தனையும் அழிந்து வெறும் எண்களாகிவிடும். கெட்வேல்யூஸ் சூத்திரத்தைப் படிக்காது, விடையை மட்டுமே படிக்கும். தாள் அன்று சரியாகவே இருக்கும். அடுத்த வாரம் யாரோ ஓர் எண்ணை மாற்றி, மொத்தம் நகரவில்லையே என்று கேட்கும்போதுதான் தெரியவரும். எந்த நெடுவரிசை மாறுகிறதோ அதை மட்டும் எழுதுங்கள்.

அடுத்த காலி வரிசை எது?

எளிய வழி அப்பெண்ட்ரோ. ஒரு வரிசையின் மதிப்புகளை ஒற்றை அணியாகக் கொடுத்தால் கடைசி வரிசைக்குக் கீழே சேர்த்துவிடும். இதற்கு மட்டும் அணிக்குள் அணி வேண்டாம். பல வரிசைகள் என்றால் கெட்லாஸ்ட்ரோ தரும் எண்ணோடு 1 கூட்டி, அங்கிருந்து செட்வேல்யூஸ்.

நம் தாளில் இரண்டுமே பொய்க்கும். எல் நெடுவரிசையில் 1,000 வரிசைக்கும் செக்பாக்ஸ் போட்டிருக்கிறோம். டிக் இல்லாத பெட்டி காலி அல்ல, அதற்குள் "பொய்" என்ற மதிப்பு இருக்கிறது. ஆகவே கெட்லாஸ்ட்ரோ 1000 என்று சொல்லும், புதிய ஆர்டர் 1001-ஆவது வரிசையில் போய் விழும். ஸ்கிரிப்ட் எழுதவே இல்லை என்று நினைத்து மீண்டும் மீண்டும் ஓடவிடுவார்கள். கீழே போய்ப் பார்த்தால் அதே ஆர்டர் ஏழு தடவை இருக்கும். நெடுவரிசை முழுதும் இழுத்துவிட்ட சூத்திரங்களும் இதே வேலையைச் செய்யும்.

ஆர்டர் எண் இருக்கும் ஏ நெடுவரிசையை மட்டும் படித்து, கீழிருந்து மேலாகப் போய் முதலில் காலியில்லாத இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்கு அடுத்ததே தொடக்கம். செக்பாக்ஸை முன்கூட்டியே போடாமல், ஆர்டர் ஏறும்போது அந்த வரிசைக்கு மட்டும் இன்சர்ட்செக்பாக்ஸஸ் கொண்டு போட்டால் சிக்கலே எழாது.

இருக்கும் ஆர்டரைத் திருத்துவது

ஏ நெடுவரிசையின் எண்களை ஏ2-இலிருந்து படித்து, ஒற்றை அணியாக்கி, இன்டெக்ஸ்ஆஃப் கொண்டு தேடினால் இடம் கிடைக்கும். அணி 0-இலிருந்து எண்ணுகிறது, தலைப்பு வரிசை ஒன்று இருக்கிறது, ஆகவே கிடைத்த எண்ணோடு 2 கூட்ட வேண்டும். கிடைக்காவிட்டால் -1 வரும். அதைச் சோதிக்காமல் 2 கூட்டினால் 1, அதாவது தலைப்பு வரிசையின் மேல் எழுதிவிடுவீர்கள். தேடும் ஆர்டர் எண் "1001" என்று எழுத்தாகவும் தாளில் 1001 என்று எண்ணாகவும் இருந்தால் இன்டெக்ஸ்ஆஃப் பொருத்தமில்லை என்றே சொல்லும்.

பெயரை வைத்துத் தேடுபவர்களுக்குத் தமிழ் எழுத்தின் சிக்கல் ஒன்று உண்டு. "கொ" என்பதை யூனிகோடில் இரண்டு விதமாகத் தட்டலாம்: ஒகரக் குறியாக ஒரே குறியீடு, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியீடு. திரையில் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு. எழுதும் முன்பும் தேடும் முன்பும் பெயரை நார்மலைஸ் ஃபங்ஷன் வழியாக அனுப்பினால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். கூடவே ட்ரிம் போட்டு முன்பின் இடைவெளிகளையும் வெட்டிவிடுங்கள். எழுத்துகளின் எண்ணிக்கையை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள்: "முறுக்கு" நமக்கு நான்கு எழுத்து, லெங்த் அதை 8 என்று சொல்லும்.

இரண்டு பேர் ஒரே நொடியில்

கடைசி எண்ணைப் படித்து 1 கூட்டி அடுத்த ஆர்டர் எண்ணாக எழுதும் முறையில், இரண்டு ஆர்டர்கள் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டுக்கும் ஒரே எண் கிடைக்கும், ஒன்றின் மேல் இன்னொன்று எழுதப்படவும் கூடும். லாக்சர்வீஸ்.கெட்ஸ்கிரிப்ட்லாக் கொண்டு பூட்டை எடுத்து, வெயிட்லாக்(30000) என்று 30 விநாடி வரை காத்திருக்கச் சொல்லுங்கள். எண்ணைப் படிப்பது, வரிசையை எழுதுவது இரண்டும் பூட்டுக்குள் நடக்க வேண்டும். பூட்டை விடும் முன் ஸ்ப்ரெட்ஷீட்ஆப்.ஃப்ளஷ் அவசியம். அது இல்லாவிட்டால் எழுதாமல் நிலுவையில் உள்ளது தாளில் இறங்கும் முன்பே அடுத்தவர் உள்ளே வந்து பழைய எண்ணைப் படிப்பார்.

செல்லிலிருந்தே அழைத்தால்

சூத்திரம் போல =ஆர்டர்எழுது(...) என்று செல்லில் தட்டி, அந்த ஃபங்ஷனுக்குள் செட்வேல்யூ வைத்தால், செட்வேல்யூவை அழைக்க அனுமதி இல்லை என்று பிழை வரும். அனுமதிப் பக்கத்தில் எதை மாற்றினாலும் இது தீராது. செல்லிலிருந்து அழைக்கப்படும் ஃபங்ஷன் தன் விடையைத் திருப்பித் தரலாமே தவிர, பிற செல்களில் எழுத முடியாது. 30 விநாடிக்குள் முடியவும் வேண்டும். பல செல்களை நிரப்ப வேண்டுமானால் அணிக்குள் அணியைத் திருப்பித் தாருங்கள், விடை வலப்பக்கமும் கீழேயும் தானே பரவும். பரவும் இடத்தில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் #REF! என்ற பிழை வரும். உண்மையிலேயே பிற செல்களில் எழுத வேண்டும் என்றால் மெனு, பொத்தான், டிரிகர் (ஏதாவது நடந்ததும் ஸ்கிரிப்ட்டைத் தானே ஓடவிடும் அமைப்பு) ஆகியவற்றில் ஒன்றிலிருந்து அழையுங்கள்.

செல் மாறும்போது ஓடும் ஆன்எடிட் டிரிகர் வைப்பவர்கள் கவனிக்க இரண்டு. ஸ்கிரிப்ட் செய்யும் மாற்றத்துக்கு அது எழாது, மனிதர் கையால் மாற்றினால்தான் எழும். பல செல்களை ஒரே தடவையில் ஒட்டினால் நிகழ்வோடு வரும் மதிப்பு காலியாக இருக்கும், மாறிய செல்களிலிருந்து நீங்களே படித்துக்கொள்ள வேண்டும்.

எக்செல், பைத்தான்

எக்செலின் பழைய ஸ்கிரிப்ட் மொழியான விபிஏ-யில் செல்ஸ்(2, 6).வேல்யூ = டப்பா. வரிசை முதலில், 1-இலிருந்து. முன்பூஜ்யச் சிக்கல் அங்கேயும் உண்டு, தீர்வும் அதே "@" வடிவம்தான். புதிய ஆஃபிஸ் ஸ்கிரிப்ட்ஸில் கெட்செல் 0-இலிருந்து எண்ணும், ஆகவே எஃப்2 என்பது கெட்செல்(1, 5). ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் எழுதியதை அப்படியே கொண்டுபோனால் எல்லாம் ஒரு செல் கோணலாகப் போய் விழும். பைத்தான் மொழியின் ஓபன்பைஎக்செல் நூலகம் 1-இலிருந்து எண்ணும், எழுத்தாகக் கொடுத்த 048616-ஐ எழுத்தாகவே வைக்கும். ஆனால் சேவ் அழைக்கும்வரை கோப்பில் எதுவும் ஏறாது. விண்டோஸில் அந்தக் கோப்பு எக்செலில் திறந்திருந்தால் சேவ் செய்யும்போது அனுமதிப் பிழை வரும், எக்செலை மூடிவிட்டு மீண்டும் ஓடவிடுங்கள்.

ஓடவிடும் முன் சோதனை

உண்மையான தாளில் சோதிக்காதீர்கள். ஃபைல் மெனுவில் மேக் எ காப்பி அழுத்தினால் ஸ்கிரிப்ட்டும் சேர்ந்தே பிரதியாகும். அந்தப் பிரதியில் ஐந்து ஆர்டர்களைப் போட்டுப் பாருங்கள்: 0-இல் தொடங்கும் அஞ்சல் குறியீடு ஒன்று, # இல்லாத யூனிட் எண் ஒன்று, சமக்குறியில் தொடங்கும் பெயர் ஒன்று, "கொ" அல்லது "சோ" வரும் தமிழ்ப் பெயர் ஒன்று, அரைக் காசில் முடியும் ஜிஎஸ்டி தொகை ஒன்று. ஒவ்வொரு மாறியையும் எழுதும் முன் கன்சோல்.லாக் கொண்டு மதிப்பையும், டைப்ஆஃப் கொண்டு வகையையும் பதிவில் பாருங்கள். செல்லில் எழுதிய பிறகு கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். பக்கத்துச் செல்லில் இஸ்நம்பர், இஸ்டெக்ஸ்ட் சூத்திரங்களைப் போட்டுப் பாருங்கள். இ நெடுவரிசைக்கு இஸ்டெக்ஸ்ட் "உண்மை" என்றும், ஜே நெடுவரிசைக்கு இஸ்நம்பர் "உண்மை" என்றும் வர வேண்டும். கே நெடுவரிசையின் வடிவத்தைச் சிறிது நேரம் வெறும் எண்ணாக மாற்றினால் பின்னம் தெரியாமல் முழு எண் தெரிய வேண்டும்.